தண்டபாணி அண்ட் கோ

எங்கள் திருமணம் ஒரு கூட்டு நிறுவனமாகப் பதிவாகியிருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக நல்லபடியாக நடந்து வருகிறது.

இதில் யார் மீதும் குற்றம் இல்லை. அது சித்திரை மாதம். உடுமலைப் பதிவகத்தின் வாசலில் இரண்டு வரிசைகள் இருந்தன. திருமண வரிசை வெயிலில் நின்றது. நிறுவன வரிசை வேப்பமர நிழலில் நின்றது. நான் பட்டுச் சேலையில் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க நெழலா இருக்குது அம்மிணி. இதுலயே நிப்போம்" என்றார் தண்டபாணி.

நின்றோம். ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் நிறுவனத்தின் பெயரைக் கேட்டார். இவர் தன் பெயரைச் சொன்னார்.

"கூட யாரு?"

"இவதானுங்க."

எழுத்தர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு 'தண்டபாணி அண்ட் கோ' என்று எழுதினார். தொழிலின் தன்மை என்ற இடத்தில் 'குடும்பம்' என்று எழுதி முத்திரை குத்தினார். நான் மாலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். என் பெயர் கருணாம்பிகை. அந்தத் தாளில் அது எங்கேயும் வரவில்லை.

அதிலிருந்து ஆண்டுதோறும் ஆண்டறிக்கை தாக்கல் செய்கிறோம். பழைய முறை கடினமானது. ஐந்து பிரதிகள் வேண்டும். நாங்கள் இன்னமும் இருக்கிறோம் என்பதற்குத் தனிப் படிவம். அதில் பச்சை மையில் ஓர் அதிகாரியின் கையெழுத்து. பதிவகத்தின் தாழ்வாரம் வேறு ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. முதல் ஆண்டு இருபது அடி இருந்தது. ஒன்பதாம் ஆண்டு அதன் நடுவில் ஒரு டீக்கடை வந்தது. பதினைந்தாம் ஆண்டு கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போனோம். மூன்றாம் நாள் மூன்றாம் கவுன்ட்டரை அடைந்தபோது, அங்கே படிவம் வாங்குகிற வேலுமங்கை அம்மாள் சாப்பிடப் போயிருந்தார்.

போன ஆண்டு ஒரு திங்கட்கிழமை பதிவுத் துறை நவீனமானது. தாழ்வாரத்தைப் பாய் போலச் சுருட்டினார்கள். நாலு பேர் தூக்கிப் போனதை நானே பார்த்தேன். சுருட்டுவதற்கு முன்பு டீக்கடைக்காரரைப் பாய்லரோடு இறக்கிவிட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரில் இடமும் கொடுத்தார்கள். இப்படி யோசித்துச் செய்கிற ஓர் அலுவலகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் ஆடிட்டர் லோகநாதன் சார் அந்த வாரமே இரும்பு பீரோவாக மாறினார். தாள் இல்லாத உலகத்தில் அவருக்கு வேறு வேலை தோன்றவில்லை. எங்கள் கூடத்தில்தான் நிற்கிறார். சாம்பல் நிறம். உறுதியான பூட்டு. அவர் மனைவி வெள்ளிக்கிழமைகளில் வந்து துடைத்துவிட்டுப் போகிறார். "முன்னைக்கு இப்ப நிம்மதியா இருக்காருங்க" என்று சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

இந்த ஆண்டு நோட்டீஸ் வந்தபோது தண்டபாணி வீட்டில் இல்லை. அவர் போய்ப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன.

காரணம் சிறியது. சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏனுங்க மாமா, அந்த அண்ட் கோ-ங்கறது யாருங்க?"

"அது சும்மா ஒரு அழகுக்கு அம்மிணி. ரசம் ஊத்து."

நான் ரசம் ஊற்றவில்லை. அவர் மோருக்குப் போனார். மோரும் வரவில்லை. எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் கொப்பரைக் களத்துக்குப் போய்விட்டார். நான் தினமும் ஒருமுறை ஃபோன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன்.

நோட்டீஸ் சட்டை மாட்டும் ஆணியில் வந்தது.

துறை இதற்காக ஓர் ஆய்வு நடத்தியிருந்தது. மக்கள் மின்னஞ்சலைப் பார்ப்பதில்லை. குறுஞ்செய்தியையும் பார்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் எதை அதிகமாகப் பார்க்கிறாரோ அதில் நோட்டீஸ் வரும்படி மாற்றிவிட்டார்கள். போன ஆண்டு எனக்குக் கடுகு டப்பாவில் வந்தது. இந்த ஆண்டு வெறும் ஆணியில். கொண்டை சிறியது. ஆனாலும் எழுத்து தெளிவாக இருந்தது.

'மதிப்பிற்குரிய பங்குதாரர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் நிறுவனம் பதினொரு நாட்களாக இயங்கவில்லை என்று துறை கருதுகிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்யாவிட்டால் நிறுவனம் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். சாப்பிட்டீர்களா? இது தானாக அனுப்பப்படும் நோட்டீஸ். பதில் அனுப்ப வேண்டாம்.'

பதில் அனுப்ப வேண்டாம் என்றாலும், இல்லை என்று ஆணியிடம் சொன்னேன்.

நீக்கப்படுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பின் தெருவில், எங்களைப் போலவே நிழல் வரிசையில் நின்றுவிட்ட சென்னியப்பன் வீட்டில், ஆடி மாதம் தாக்கல் செய்ய மறந்துவிட்டார்கள். மறுநாள் காலை அவர் வாசலுக்கு வந்து தன் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, தண்ணி மோட்டாரப் போட்டுக்கட்டுங்களா?"

"போட்டுக்குங்க. நெறைஞ்சதும் நிறுத்தீருங்க."

இன்றுவரை அப்படியே இருக்கிறார்கள். மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். துறை யாரிடமும் எதையும் பிடுங்குவதில்லை. அறிமுகத்தை மட்டும் ரத்து செய்கிறது.

எனக்கு அது வேண்டாம். அவர் பேசாமல் இருக்கலாம். ஆனால் தெரிந்தவராகப் பேசாமல் இருக்க வேண்டும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு இணையதளத்தைத் திறந்தேன். அது சமையலறையில் அடுப்புக்கு மேலே, தாளிக்கும் புகை போகிற இடத்தில் திறந்தது. அங்கே மூன்றாம் கவுன்ட்டர் இருந்தது. வேலுமங்கை அம்மாள் தோள் வரைக்கும் இருந்தார். மீதியைச் சர்வரில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

"கால் வலி தீந்துதும்மா" என்றார். "உங்களத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"என்னயவாங்க?"

"எல்லாத்தையும் பாத்துட்டு இருப்போம். ஆரம்பிக்கலாமா? மொத கேள்வி. இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க."

"ஆம்-ங்கறதத் தொடுங்க."

"பச்சை மை கையெழுத்து வேணுங்களே?"

"அதெல்லாம் முன்ன. இப்ப நீங்க சொன்னாப் போதும். துறை உங்கள நம்புது."

இருபத்திரண்டு ஆண்டுகளில் என்னிடம் இதை யாரும் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கியது. ஆம் என்பதைத் தொட்டேன். உடனே முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தேன்.

"தொழிலின் தன்மை?"

"குடும்பமுங்க."

"உட்பிரிவு?"

ஒரு பட்டியல் கீழே இறங்கியது. அடுப்பு, மேடை எல்லாவற்றையும் தாண்டித் தரையில் வழிந்தது. சமையல். சண்டை. சமாதானம். காய்ச்சலுக்குக் கஞ்சி. ஒரே குடையில் போதல். பிறர் வீட்டுக் கல்யாணத்தில் தேடிக் கண்டுபிடித்தல். இதர.

"எது எடுக்கறதுங்க?"

"எத்தனை வேணா எடுக்கலாம். முன்ன ஒன்னுதான் தருவோம். அப்ப இடமில்ல."

கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். நேரம் ஆனது. எதையும் விட மனம் வரவில்லை. சண்டையையும் தொட்டேன். 'இதர' என்பதைத் தொட்டபோது அது சூடாக இருந்தது.

"வணிகம் நடக்கிற இடம். வீட்டப் பதிவேற்றுங்க. இருநூறு கேபிக்குள்ள இருக்கணும்."

"வீடு பெருசுங்களே."

"சுருக்கிக் குடுங்க. எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க."

வீட்டைச் சுருக்கினேன். முதலில் மாடிப்படி மடிந்தது. கூரை தலையில் இடித்தது. லோகநாதன் சார் இரண்டு கதவுகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒத்துழைத்தார். நானூறு கேபி காட்டியது. பரணைக் காலி செய்தேன். முந்நூறு. எனக்கு வந்த சீர்வரிசைப் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டேன். இருநூற்றிரண்டு. இரண்டு கேபி குறையவே இல்லை. கடைசியில் அவர் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சத்தை வெளியே எடுத்து வைத்தேன். நூற்றுத் தொண்ணூறு காட்டியது. வீடு பதிவேறியது.

பிறகு வீடு பழைய அளவுக்கு வந்தது. குளியலறை மட்டும் சற்றுச் சிறிதாக நின்றுவிட்டது.

மணி நாலு ஐம்பது.

"கடைசியா ஓடிபி" என்றார் வேலுமங்கை அம்மாள். "ரெண்டு பங்குதாரருக்கும் ரெண்டு எண் அனுப்பியாச்சு. சொல்லுங்க."

என் ஃபோனைப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. வராது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் கேஸ் சிலிண்டருக்கும், ரேஷன் அட்டைக்கும், வங்கிக்கும், ஆஸ்பத்திரிக்கும் கணவரின் எண்ணைத்தான் கொடுப்போம். யாரும் கொடுக்கச் சொன்னதில்லை. எண்ணைக் கேட்டதும் வாயில் அதுதான் வரும். ஆகவே மனைவிமார்களின் எல்லா ஓடிபியும் கணவன்மார்களின் சட்டைப் பையில்தான் இருக்கும். என்னுடையதும் பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

அவருக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

"எத்தனை நேரம் செல்லுமுங்க?"

"பத்து நிமிஷம்."

"களம் தூரமுங்க. பஸ்ஸுக்கே அரை மணி நேரம் ஆகும்."

"தெரியும்மா. அதனாலதான் தாழ்வாரத்தச் சுருட்டினப்ப மிச்சமான நீளத்தத் தூக்கிப் போடல. நிமிஷத்துக்குள்ள வெச்சுட்டோம். போயிட்டு வாங்க."

கைகூப்பினேன். அவருக்குக் கைகள் சர்வரில் இருந்ததால் தலையை மட்டும் அசைத்தார்.

செருப்பைப் போடும்போது லோகநாதன் சார் இருமினார். இரண்டாவது தட்டு திறந்திருந்தது. அதில் தண்டபாணியின் மூக்குக் கண்ணாடி இருந்தது.

"இதையும் இணைப்பா வெச்சுக்கம்மா" என்றார். பீரோவான பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம் அது. கண்ணாடியை மடியில் செருகிக்கொண்டேன்.

பூளவாடிப் பேருந்தில் இடம் கிடைத்தது. முதல் நிமிடம் பேருந்து நிலையத்திலிருந்து கச்சேரி வீதி வரை நீண்டது. இரண்டாம் நிமிடம் ஊரைத் தாண்டியது. நிமிடத்துக்குள் சில இடங்களில் பழைய தாழ்வாரத்தின் பச்சை நிறச் சுவர் தெரிந்தது. ஓரிடத்தில் நாங்கள் பதினைந்தாம் ஆண்டு கட்டுச்சோறு தின்ற மூலை வந்தது. இலை அப்படியே கிடந்தது. பேருந்து அதை மெதுவாகக் கடந்தது.

நடத்துநர் சீட்டு கொடுத்தார். அதில் 'பங்குதாரர் களத்தின் வடக்கு மூலையில் இருக்கிறார்' என்று அச்சாகியிருந்தது.

பக்கத்தில் ஓர் அம்மா மடியில் முறத்தை வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நினைவூட்டல். இன்னும் நாலு நிமிஷம் இருக்குது."

"நீங்க துறைக்காரங்களா?"

"இல்ல கண்ணு. நான் பூளவாடி. வாயில வந்துது, சொல்லிப் போட்டேன்." ஒரு மொச்சையை வாயில் போட்டுக்கொண்டார். "யாரு, ஊட்டுக்காரரா?"

"ஆமாங்க."

"கோவிச்சுட்டுப் போயிட்டாரா?"

"ரெண்டு பேருமேதானுங்க."

"அப்ப நீயா போய்ப் பேசீராத. அவராப் பேசட்டும்" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "இது துறை சொல்லல, நான் சொல்றேன்" என்றார்.

களத்தில் இறங்கியபோது மூன்று நிமிடங்கள் மிச்சம் இருந்தன. சூரியன் தென்னை உயரத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தது. தண்டபாணி வடக்கு மூலையில் பலகையால் கொப்பரையைத் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். சட்டை ஒரு தென்னையில் தொங்கியது. அதற்கென்று புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் பேசவில்லை. அவர் கொப்பரையை ஒருமுறை அந்தக் கடைசி வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்.

"என்ன அம்மிணி, இந்தப் பக்கம்?"

"பஸ் இந்தப் பக்கம் வந்துச்சு."

"சாப்ட்டியா?"

"துறையும் இதையேதான் கேக்குது."

"எங்கிட்டயும் கேட்டுது" என்றார். பலகையைக் கீழே வைக்கவில்லை.

"ஃபோனெல்லாம் எடுக்கறதில்லீங்களா?"

"யாரு கூப்புடறாங்கன்னு தெரியல. கண்ணாடிய ஊட்டுல உட்டுட்டு வந்துட்டேன். தெனமும் யாரோ ஒருத்தங்க கூப்புடறாங்க. அவ்வளவுதான் தெரியும்."

"எடுத்துப் பேசுனா யாருன்னு தெரியுமில்ல?"

"வேற யாராச்சும் இருந்துட்டா?"

நான் தென்னையருகே போனேன். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தேன். பதினொரு தவறிய அழைப்புகள். எல்லாம் நான். அவற்றுக்கு மேலே இரண்டு எண்கள் வந்திருந்தன. களத்து ஓரத்துத் தண்ணீர்த் தொட்டியில் வேலுமங்கை அம்மாள் தெரிந்தார். எண்களைச் சத்தமாகச் சொன்னேன். தண்ணீர் அவற்றை வாங்கிக்கொண்டது.

"சரி, ரெண்டும் பொருந்துது" என்றார் அவர். "இன்னும் ஒன்னே ஒன்னு. சிவப்பு நட்சத்திரம் போட்ட எடம். காலியா உட முடியாது. நிறுவனத்தின் பெயர். அப்படியே இருக்கட்டுமா, திருத்தறீங்களா?"

"திருத்தலாங்களா?" என்றேன். "முன்ன ஏழு படிவமும் பத்திரிகை விளம்பரமும் வேணும்னீங்களே?"

"இப்ப வாயால சொன்னாப் போதும். ஆனா அதச் சொல்ல வேண்டியவர் முதல் பங்குதாரர்."

தண்டபாணி தொட்டிக்குள் பார்க்கவில்லை. கொப்பரையைப் பார்த்தார். ஒரு நிமிடம் தீர்ந்தது. தோப்பில் எங்கேயோ ஒரு தேங்காய் விழுந்தது. என் காலில் மெட்டி கொஞ்சம் மெலிவது போல இருந்தது. அவர் முகத்தில் எனக்குத் தெரியாத ஒரு மரியாதை வர ஆரம்பித்தது. மோட்டாரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கிற முகம்.

நான் அவசரமாக ஒன்று கேட்டேன்.

"கண்ணாடி இல்லாம நோட்டீஸ எப்படிப் படிச்சீங்க?"

அந்த மரியாதை நின்றது. "எழுத்து பெருசா இருந்துது."

"எதுல வந்துது?"

அவர் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேண்டிய அளவுக்கு மேலேயே துடைத்தார்.

"உம் பச்சைச் சேலைல."

"அது ஊட்டுல, மொட்டை மாடில கொடில காயுது."

"ஆமா. இங்கிருந்து தெரியும்."

"பதினாலு கிலோமீட்டர்ங்க."

"பாத்தாத் தெரியும் அம்மிணி. தூரத்துல இருக்கறது எனக்கு நல்லாவே தெரியுது. கிட்ட இருக்கறதுதான் கண்ணாடி இல்லாமத் தெரியல."

திரும்பிப் பார்த்தேன். தென்னைகளுக்கு மேலே, வெகு தொலைவில், உள்ளங்கை அளவுக்குப் பச்சையாக ஒன்று அசைந்தது. பதினொரு நாட்களாக நான் அதை எடுத்து மடிக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

"ஐயா, நிமிஷம் ஆவுது" என்றார் வேலுமங்கை அம்மாள். தண்ணீர் லேசாக நடுங்கியது. "பேரு?"

தண்டபாணி பலகையைக் கீழே வைத்தார். தொட்டிக்கு முன்னால் வந்து, அந்தச் சித்திரை மாதம் ஜன்னலுக்கு முன்னால் நின்றது போலவே நேராக நின்றார்.

"கருணாம்பிகை அண்ட் கோ."

தண்ணீரில் எழுத்துகள் ஓடின. அந்தப் பெயரில் வேறு நிறுவனம் இருக்கிறதா என்று துறை நாடு முழுவதும் தேடியது. தேடி முடிக்க இரண்டு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. எங்கேயும் இல்லை.

"கோ-ங்கறது யாருங்க?" என்றார் வேலுமங்கை அம்மாள். "அதுக்கும் நட்சத்திரம் இருக்குது."

"நானுங்க" என்றார்.

தொட்டி ஒருமுறை தளும்பி அடங்கியது. மெட்டி விரலில் இறுகியது. வேலுமங்கை அம்மாள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். பிறகு அலுவலக நேரம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒப்புகை தனியாக வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் இருந்த இடத்தில் ஒரு தென்னம்பூ மிதந்தது.

ஒப்புகைக்காகக் காத்திருந்தோம். எனக்கு எதில் வரும் என்று தெரியவில்லை. ஆணி வீட்டில் இருந்தது.

அது அவர் முகத்தில் வந்தது. நெற்றியில் தொடங்கி, மீசைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, தாடை வரை ஓடியது. 'கருணாம்பிகை அண்ட் கோ. தாக்கல் ஏற்கப்பட்டது. நிறுவனம் இயங்குகிறது. இருவரும் சாப்பிடவும்.' துறையின் முத்திரை இடது கன்னத்தில் அழகாக விழுந்திருந்தது.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வந்திருக்குது" என்றார். "என்னமோ எழுதியிருக்குது. கொஞ்சம் பின்னால தள்ளி நில்லு, படிச்சுப் பாக்கறேன்."

நான் தள்ளி நிற்கவில்லை. மடியிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதைத் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். நிதானமாகப் படித்தார். பத்தாவது நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் தாழ்வாரம் மிச்சம் இருந்தது.